பதினேழாம் துண்டு

போன வருடத்து நாட்காட்டியை வெட்டி
பின்பக்க வெள்ளையில் இலக்கம் எழுதினேன்,
ஒன்றிலிருந்து நூற்றைம்பது மட்டும்.
வைத்தியம் தெரியாது எனக்கு. வங்கியில் காசாளர்.
துண்டு கொடுக்கலாம், கூப்பிடலாம்,
மருந்து உறையில் காலைக்குச் சூரியனும்
இரவுக்குப் பிறையும் கீறலாம்.
மதியத்துக்குள் என் பிறைகளெல்லாம்
வாழைப்பழம் ஆகிவிட்டன.

வடமுனைக்கும் அங்கால்
குளக்கட்டோடு முடிகிற பள்ளிக்கூடம்.
கரும்பலகையில் வெள்ளிக்கிழமைக் கணக்கு
இன்னும் அழியவில்லை:
முப்பத்தேழில் பத்தொன்பது போனால்.
அதன் கீழே இருந்துதான்
டொக்டர் றிஸ்லா நாள் முழுக்க
நெஞ்சுகளைக் கேட்டார்.

"பேப்பர் வாசிக்க இல்ல,
அரிசியில கல்லுத் தெரிஞ்சாக் காணும்" என்று
ஒருத்தி ஐந்து கண்ணாடி போட்டுப் பார்த்தாள்.
ஆறாவது, ஆம்பிளைக் கண்ணாடி. அதோடு போனாள்.

பதினேழு வரவில்லை.
மூன்று தரம் கூப்பிட்டேன். பிறகு பதினெட்டு.
இரண்டு மணிக்கு ஒருக்கால், நாலு மணிக்கு ஒருக்கால்.
விடியக்காலை வந்து அந்தத் துண்டை வாங்கியவளை
எனக்கு நினைவிருந்தது.
"ஆருக்கு?"
"இவருக்கு."
"பேர்?"
புருசன் பேரை வாயால் சொல்லாமல்
"தேத்தண்ணிக்குப் போடுறது,
பின்னால தம்பி" என்றாள்.
வரிசையே சிரித்தது.
சீனித்தம்பி என்று எழுதிக்கொண்டேன்.
"வருத்தம்?"
"அதுவும் அதான்."

நாலரைக்கு வெளிக்கிட்டோம்.
ஐந்துக்குப் பிறகு பாதை யானைகளுக்கு.
பேரின்பம் வானை விரட்டினான்.
நூற்று நாற்பத்திரண்டு பேர் என்று
படிவத்தில் எழுதி, டொக்டரிடம் ஒப்பமும் வாங்கி
மடித்து வைத்துவிட்டேன்.

மூன்றாம் வளைவில்
நடுப் பாதையில் நின்றாள்,
பஸ்ஸை மறிக்கிற மாதிரி
துண்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு.
பின்னால் ஒரு லேண்ட்மாஸ்டர்.
"மத்தியானமே மிசின் நிண்டு போச்சு.
தள்ளிக்கொண்டு வாறம்."
ஆரைக் கொண்டு தள்ளினாள் என்று கேட்கவில்லை.
ஒரு சின்னப் பொடியன் மட்டும் நின்றான்,
உள்ளங்கைகளைக் காற்சட்டையில் துடைத்தபடி.

பெட்டியில், வைக்கோல் மேல், சீனித்தம்பி.
வலது காலில் சேலைக் கரை சுற்றியிருந்தது.
வான் வெளிச்சத்தில் அதை அவிழ்த்த டொக்டர்
ஒன்றும் பேசவில்லை.
பேரின்பம் மூக்கைத் திருப்பிக்கொண்டு
காட்டைப் பார்த்தான்.
சீனி பார்க்கிற பட்டி இரண்டுதான் மிச்சம்.
விரலைக் குத்தினோம்.
எண் வரவில்லை. இரண்டு எழுத்து மட்டும் வந்தது.
எண்ணுக்கு மேலே போய்விட்டால்
மிசின் அப்படித்தான் சொல்லும்.

"இப்பவே வாழைச்சேனைக்கு."

கதிரைகளை இறக்கினோம்.
இருபது சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை,
பாதையோரம் வரிசையாக,
யானைகளுக்கு ஏதோ கூட்டம் வைக்கிற மாதிரி.
அந்த இடத்தில் அவரைக் கிடத்தினோம்.

"நீங்களும் ஏறுங்கோ."
"சோளம் பால் பிடிச்சிருக்கு தம்பி.
ராவைக்குப் பரணில ஆள் வேணும்."
அடையாள அட்டையை ஷொப்பிங் பேக்கில் சுற்றித் தந்தாள்.
இடுப்பில் இரண்டு யானை வெடி செருகியிருந்தது.
டோர்ச்சை அடித்துப் பார்த்தாள், அணைத்தாள்,
பொடியனைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.
அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.
திரும்ப முடியாமலும் இருந்திருக்கலாம்.

படிவத்தை விரித்தேன்.
ஒப்பத்துக்குக் கீழே கோடு இல்லை.

புணானைப் பக்கம் இருட்டிவிட்டது.
ஒவ்வொரு பள்ளத்துக்கும்
அவருடைய தலையை என் மடியில் பிடித்துக்கொண்டேன்.
வெகுநேரத்துக்குப் பிறகு கேட்டார்:
"தம்பி, நான் எத்தினையாம் ஆள்?"
"பதினேழு, ஐயா."
யோசித்தார்.
"அப்ப நேரத்தோடதான்
வந்திருக்கன்."